தவணையில் வந்த எதிர்காலம்: மும்பைத் தமிழ் வீடுகளின் ‘பைண்டு’ தொகுதிகள் குறித்துச் சில குறிப்புகள்

சென்ற மழைக்காலத்தின் முடிவில், மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யப்பட்டுக்கொண்டிருந்த செம்பூர்க் குடியிருப்பு ஒன்றிலிருந்து எனக்கு ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அந்தப் பக்கங்களை மட்டும் வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டிய அட்டையிட்டுத் தைத்த தொகுதி அது. அதே அலமாரியில் வேறு ஏழு தொகுதிகள் இருந்தனவாம். நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு, மும்பைத் தமிழர் ‘ரத்தி’ என்று இந்திச் சொல்லாலேயே குறிப்பிடும் பழைய தாள் கடைக்கு அவை எடைக்குப் போய்விட்டன. எஞ்சிய ஒன்றை முன்வைத்தே இக்குறிப்பை எழுதுகிறேன். இத்தகைய தொகுதிகளை நூலின் மலிவுப் பதிப்பாகவோ பழைய நினைவுப் பொருளாகவோ கருதுவது பிழை என்பதும், தமிழ் வாசிப்பு வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றாவணங்கள் அவை என்பதும் என் வாதம்.

முதலில் உலகச் சூழலைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு பெரிய படைப்பைச் சிறு பகுதிகளாக வெளியிட்டு, வாசகரைக் கொண்டே சேர்க்கவைக்கும் முறை பழையது. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836–37இல் மாதப் பகுதிகளாக வந்தது. சேர்த்த பகுதிகளை வாசகர்கள் அட்டை கட்டிக்கொண்டனர். 1950களின் பிற்பகுதியில் இத்தாலியின் ஃபாப்ரி சகோதரர்கள், தே அகோஸ்தினி போன்ற பதிப்பகங்கள் கலைக்களஞ்சியங்களை வாரத் தவணைகளாகச் செய்தித்தாள் கடைகளில் விற்று, இதனைத் தனியொரு தொழிலாகவே வளர்த்தன. இவ்வகை வெளியீட்டைத் ‘தவணை இதழ்’ என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

தொலைக்காட்சி அறிவியல் புனைவு இந்தத் தொழிலுக்கு வளமான நிலமாயிற்று. பிரிட்டனில் 1997 முதல் 2002 வரை வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக் ஃபேக்ட் ஃபைல்ஸ்’ 304 இதழ்கள் கொண்டது. ஒவ்வோர் இதழிலும் உள்ள தனித்தாள்களைப் பிரித்து, விண்கலங்கள், பாத்திரங்கள், கருவிகள் எனப் பொருள்வாரியாகக் கோப்பில் அடுக்க வேண்டும். பகுப்பெண்ணைப் பதிப்பாளரே தாளில் அச்சிட்டிருப்பார். எது முழுமை, அதில் எத்தாள் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. வாசகரின் பணி வாங்குவதும் அடுக்குவதும் மட்டுமே. இந்த அமைப்பின் பலவீனம் பின்னாளில் தெரிந்தது. 2013 முதல் ஸ்டார் ட்ரெக் விண்கல மாதிரிகளை இதழோடு வெளியிட்டுவந்த ஈகிள்மாஸ் நிறுவனம் 2022இல் நொடித்தபோது, அதன் தொடர்களை நம்பிச் சேர்த்துவந்தோர் பாதி நிரம்பிய அலமாரிகளோடு நின்றனர்.

தமிழில் நிகழ்ந்தது இதன் தலைகீழ். நமது வார இதழ்கள் சேகரிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. படித்துவிட்டு எடைக்குப் போட வேண்டியவை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கியில் வந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு அதைப் பிரித்தெடுத்துக் கட்டிவைத்த குடும்பங்கள் பல. அதற்குப் பதிப்பாளர் கோப்பு தரவில்லை, பகுப்பெண் அச்சிடவில்லை. எதைக் காக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர், நூலை உருவாக்கியவர், வாசகரே. அந்த வகையில் பைண்டு தொகுதி என்பது வாசகரே பதிப்பாசிரியராகிச் செய்த ஒற்றைப் பிரதிப் பதிப்பு.

நேர் எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் துண்டு துண்டாக வந்த ‘ஸ்டீல் க்ளா’ சித்திரக்கதையை, 1970களின் தொடக்கத்தில் சிவகாசியின் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற முழு நூலாகத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அளித்தது. அங்கே பகுதிகளை முழுமையாக்கியவர் பதிப்பாளர். விகடன் வாசகர் அதே வேலையைத் தம் வீட்டில், தம் செலவில் செய்தார்.

இனி ‘என் இனிய இயந்திரா’. 1980களில் வெளிவந்த இத்தொடர், 2020களின் தொடக்கத்தில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் கீழ் இருக்கும் இந்தியாவைக் கற்பனை செய்தது. நிலா, சிபி, ரவி, இயந்திர நாய் ஜீனோ என அதன் முக்கியப் பெயர்கள் யாவும் இரண்டு எழுத்துகளில் அடங்குபவை. எதிர்காலத்தைப் பெயரிடுதலிலேயே காட்டும் உத்தி அது. ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சியாக வந்தது. பின்னர் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. ஸ்டார் ட்ரெக்கில் திரை முன்னது, தாள் பின்னது. இங்கே தாள் முன்னது, திரை பின்னது. ஜீனோவை மனத்தில் வரைந்துகொண்ட வாசகர்கள் அதன் பின்னரே அதைத் திரையில் கண்டனர்.

ஆனால் ‘கண்டனர்’ என்று எல்லாத் தமிழரையும் சேர்த்துச் சொல்லிவிட முடியாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் தமிழ் நிகழ்ச்சிகள் தரைவழி ஒளிபரப்பின் எல்லைக்குள் வாழ்ந்தோருக்கே உரியவை. 1972 முதல் இயங்கிவந்த பம்பாய் நிலையம் மராத்தியிலும் இந்தியிலும் பேசியது. 1990களில் செயற்கைக்கோள் வழித் தமிழ் அலைவரிசைகள் வரும்வரை, மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ ஆண்டெனாவை நம்பியிருந்த தமிழ் வீட்டுக்குச் சென்னையின் தமிழ்த் தொடர் எட்டாக் கனி. அவ்வீடுகளுக்குத் தமிழ் அறிவியல் புனைவு என்பது முழுக்க முழுக்கத் தாளில் இருந்தது. அத்தாளும் சென்னையிலிருந்து தொடர்வண்டியில் வந்து சேர வேண்டியது. திரும்பக் கிடைக்காது என்று அறிந்த பொருளையே மனிதர் கட்டிவைப்பர். புலம்பெயர்ந்த ஊரில் பைண்டு செய்யும் வழக்கம் கூடுதல் அழுத்தம் பெற்றதற்கு இதனை ஒரு காரணமாகக் கருதுகிறேன்.

என்னிடமுள்ள தொகுதியின் உடலமைப்பை விவரிப்பது பயனுடையது. நடுவில் பின் அடித்த வார இதழில் ஒவ்வொரு தாளும் மடித்த இரட்டைத் தாள். தொடர்கதை இருக்கும் இதழ்ப் பாதியின் மறுபாதி, இதழின் வேறொரு மூலையில் இருக்கும். ஆகவே பின்னைக் கழற்றி, மடிப்புக்கு அப்பால் அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும்; அந்த ஓரத்தில்தான் பைண்டர் ஊசி ஏற்றுவார். மடிப்பிலேயே வெட்டினால் தைக்கும்போது எழுத்து மறையும். இத்தொகுதியில் முதல் நான்கு வாரங்கள் மடிப்பிலேயே வெட்டப்பட்டுள்ளன. அதன்பின் ஓரம் ஒழுங்காக விடப்பட்டுள்ளது. பிழையிலிருந்து கற்ற கை அது.

ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் பென்சிலால் 1, 2, 3 என எண்கள் உள்ளன. உரிமையாளர் எண்பது வயதைக் கடந்த அம்மையார். அவர் தந்த விளக்கம் இது: இதற்கு முந்தைய தொகுதியைத் தைத்த பைண்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறிவிட்டன. அதனால் அடுத்த முறை அவருக்கும் புரியும் எண்களில் வரிசை குறித்துக் கொடுத்தார். தமிழ்க் கதை மும்பையில் நூலாவதற்கு, தமிழ் அறியாத கையோடு செய்துகொண்ட இச்சிறு உடன்பாடு எந்த அச்சுப் பதிப்பிலும் பதிவாகாது.

மொழியியல் மாணவி என்ற முறையில் என்னை நிறுத்தியவை மூன்று. முதலாவது, ‘தொடரும்’ என்னும் சொல். செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றாகிய இது, எழுவாயின்றித் தனித்து நின்று, வாசகருக்கும் இதழுக்கும் இடையிலான வாக்குறுதியாகச் செயல்படுகிறது. நூலாகும்போது அத்தனை ‘தொடரும்’களும் நீக்கப்பட்டு, ஒற்றை ‘முற்றும்’ மட்டும் நிற்கிறது. காத்திருத்தலின் இலக்கணம் நூலில் இல்லை, தொகுதியில் உள்ளது.

இரண்டாவது, தாளின் மறுபக்கம். கதைக்காக வெட்டிய தாளின் பின்னால் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி மருத்துவக் குறிப்பு, மிக்சி விளம்பரம், வேறொரு தொடரின் தலையற்ற பத்தி. சேகரித்தவர் இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. தவிர்க்க முடியாமல் வந்து சேர்ந்தவை. எவரும் தேர்ந்தெடுக்காத மொழிப் பகுதி என்பதாலேயே அவை நம்மைப் போன்றோருக்கு மதிப்புடையவை. எதிர்காலத்தைப் பற்றிய கதையின் முதுகில், அக்கதை எழுதப்பட்ட நிகழ்காலம் தன் விலைப்பட்டியலோடு அச்சாகியிருக்கிறது.

மூன்றாவது, கையால் எழுதிய ஓர் அத்தியாயம். ஒரு வாரம் இதழ் வந்து சேரவில்லை. அந்த அத்தியாயம் கோடிட்ட நோட்டுத் தாள்களில் நீல மையால் படியெடுக்கப்பட்டு, உரிய இடத்தில் தைக்கப்பட்டுள்ளது. “அடுத்தாத்து மாமியோட காப்பியைப் பார்த்து எழுதினேன். ராத்திரி ஒன்பது மணிக்குள்ளே திருப்பிக் குடுக்கணும்னுட்டா” என்றார் அவர். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதப் பழகிய கை. ணை, லை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடுதான் எழுதுகிறது. இறுதிப் பக்கங்களில் எழுத்து சாய்ந்து, வரி நெருங்கி, விரைவு தெரிகிறது. இயந்திர நாய் பேசும் எதிர்காலத்தை ஒரு பெண் பழைய எழுத்து வடிவில், கெடு நேரத்துக்குள் எழுதி முடித்த ஆவணம் அது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும், இதழ்களையும் அதில் சேர்த்த 1956ஆம் ஆண்டின் திருத்தமும் இருக்க, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம் போன்றவற்றுக்கு இதழ்கள் அனுப்பப்பட வேண்டியவைதாமே. வீட்டுத் தொகுதி அழிந்தால் என்ன இழப்பு? இழப்பு உண்டு. நூலகப் படி வெளியானதைக் காக்கிறது, வாசிக்கப்பட்டதைக் காப்பதில்லை. எந்த அத்தியாயம் தவறிப்போனது, யாரிடம் இரவல் கிடைத்தது, எது காக்கத் தகுந்தது என்று ஒரு வீடு முடிவு செய்தது போன்ற வினாக்களுக்கு விடை வெட்டப்படாத இதழில் இல்லை.

தனிமனிதச் சேகரிப்பின் ஆற்றலுக்கு நம்மிடையே பெரும் சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களோடு இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் அவரது பிடிவாதத்தின் மீதே நிற்கிறோம். செம்பூர் அலமாரி அந்த அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் அத்தகைய சிற்றலமாரிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் கிடைக்கக்கூடிய சித்திரம் பெரிது.

காலமோ நமக்கு எதிராக உள்ளது. தொகுதிகளைக் கட்டிய தலைமுறை மறைந்துவருகிறது. பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுகட்டுமானத்துக்குப் போகின்றன; இடைக்கால வாடகை வீட்டுக்கு முதலில் எடுத்துச் செல்லாமல் விடுவது தாளைத்தான். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் விசாரித்தேன். வெட்டித் தைத்த தமிழ் இதழ்த் தாளை வாங்க ஆளில்லை, எனவே தாங்களும் எடுப்பதில்லை என்றனர். பிறகு தாராவிக் கிடங்கு ஒன்றில் கேட்டேன். அட்டை ஒரு குவியல், தாள் ஒரு குவியல், தையல் நூலும் துணியும் ஒரு குவியல். அந்த ஏழு தொகுதிகளைத் தேடுவதில் பொருளில்லை என்று அங்கே நின்றபோதே தெரிந்தது.

இதைப் படிக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது சிறிது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய தொகுதி இருந்தால், கதைப் பக்கங்களை மட்டுமின்றி மறுபக்கங்களையும், முதுகையும், தையலையும், ஓரக் குறிப்புகளையும் படமெடுங்கள். தளர்ந்திருந்தாலும் பிரித்து மறுபடி பைண்டு செய்ய வேண்டாம். பழைய தையலும் சான்றே. கட்டியவர் உயிரோடு இருந்தால், எங்கு வாங்கினார், யார் தைத்தார், எந்த வாரம் தவறியது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நூலின் பெயரை மட்டும் கேட்டு, ‘இதுதான் புத்தகமாகவே கிடைக்கிறதே’ என்று சொல்லிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் என் பாட்டியிடம் அதைத்தான் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அலமாரி காலியாக இருந்தது.