கோதுமை கப்பல்ல வந்தது, எள்ளு நம்ம கொல்லையிலயே இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பிலிருந்து எள்ளு ரொட்டியை எடுத்துக்கிட்டு இருந்தேன். வாசனை பிடிச்சு வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" கேலி இல்லை, நிஜமாவே கேட்டாங்க. அவங்க தலைமுறைக்கு ரொட்டின்னா காய்ச்சல்காரங்க பால்ல தோய்ச்சுச் சாப்பிடுறது.

யோசிச்சுப் பார்த்தா ஆச்சரியம்தான். 1674-ல் கால் ஊன்றிய பிரெஞ்சுக்காரன் 1954 வரைக்கும், இடையில் சில வருஷம் ஊரைப் பறிகொடுத்தாலும், இங்கேதான் இருந்தான். அவனுக்கு ரொட்டி இல்லாம ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. அப்படியிருந்தும், கோட்டையிலிருந்து நடந்தே வந்துடக்கூடிய கதிர்காமத்துல ரொட்டி ஏன் நோயாளி உணவாவே நின்னுபோச்சு?

காரணம் மண். கோதுமை பனியில வளர்ற பயிர். நம்ம கடற்கரை வெயிலுக்கு அது தாங்காது. கப்பல்லயோ வடக்கிலிருந்து வண்டியிலயோ வந்தாத்தான் மாவு. வெளியிலிருந்து வர்ற தானியம் விலை கூடத்தான் இருக்கும். அதனால ரொட்டி பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருவோட நின்னுது. மேற்கே நாம சோறும் கூழும்.

தானியம் யார் கையில இருக்குங்கிறது சாதாரண விஷயமில்லை. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே இருப்பு குறையக் குறைய, பிரெஞ்சுத் தளபதி லாலி தமிழ்க் குடிகளை ஊரைவிட்டு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயப் படை அவங்களைத் தாண்டிப் போக விடலை. ரெண்டு படைக்கும் நடுவுல, வெட்டவெளியில பல நாள் பட்டினி கிடந்த பிறகுதான் வழி கிடைச்சுது. 1761 ஜனவரியில் ஊர் சரணடைந்தது. இன்னைக்கு வழுதாவூர்ச் சாலையில, மருத்துவக் கல்லூரி வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்பல்லாம் எனக்கு அந்த ஜனங்க ஞாபகம் வரும்.

ரொட்டி நம்ம வீட்டுக்குள்ள வந்தது வேற வழியில. 1881-ல் வந்த ஒரு சட்டப்படி, சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்ட நம்ம ஊர்க்காரங்கள்ல பலர் சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனாங்க. சைகோன்லயும் பிரெஞ்சு ஆட்சிதான், ரொட்டி அங்க தெருக்கடைச் சரக்கு. ஆனா ஏழை வீட்டு வரைக்கும் கோதுமையைக் கொண்டுவந்தது சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த பஞ்சகாலம். 1954-ல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தால கப்பல் கப்பலா கோதுமை வந்து ரேஷன் கடையில இறங்குச்சு. 1965-ல் அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் கம்பெனியைத் தொடங்குச்சு. மழை பொய்ச்ச 1966-ல் மட்டும் நாடு இறக்குமதி பண்ணின தானியம் ஒரு கோடி டன் இருக்கும். அதே வருஷம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைச்சு அந்த நிலைமையை மாத்தின உணவு அமைச்சர் யாரு தெரியுமா? கோதுமையே விளையாத பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், சி. சுப்பிரமணியம்.

சரி, எள்ளுக்கு வருவோம். இது யாரும் கப்பல்ல கொண்டுவந்து கொடுத்ததில்லை. ஹரப்பாவிலேயே கருகின எள்ளு கிடைச்சிருக்கு. எள்+நெய்தான் எண்ணெய்னு ஆச்சு. அதாவது கடலையிலயோ தேங்காயிலயோ ஆட்டினாலும் நாம சொல்றது எள்ளோட பேரைத்தான். சம்பா அறுத்த ஈரத்துல தை, மாசியில விதைச்சா 80, 90 நாள்ல கைக்கு வந்துடும். தண்ணி அதிகம் கேட்காது. காய் வெடிக்கிறதுக்கு முன்னாடி அறுக்கணும், ரெண்டு நாள் தப்பினா பாதி மண்ணுக்குத்தான். ஒரு மணி நேரத் தூரத்துல திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. டி.எம்.வி.ன்னு ஆரம்பிக்கிற எள்ளு ரகமெல்லாம் அந்த ஊர்ப் பேருதான்.

இவ்வளவும் இருந்து, 'விதை ரொட்டி'ன்னா நகரத்துக் கடையில சீமைச் சரக்கு மாதிரி விக்குது. என் எள்ளு மூட்டையா வியாபாரிகிட்ட போகுது, மேல ஒரு சிட்டிகை தூவின ரொட்டி அதைவிடப் பல மடங்கு விலையில திரும்பி வருது. அதனாலதான் வீட்டுலயே சுட ஆரம்பிச்சேன்.

சக்கி ஆட்டா அரை கிலோ, தண்ணி 350 மில்லி, உப்பு 10 கிராம், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். மாவைப் பிசைஞ்சு அரைமணி விட்டுட்டு மறுபடி பிசையுங்க, தவிடு அப்பத்தான் தண்ணியைக் குடிக்கும். உள்ளே போடுற கைப்பிடி எள்ளை வறுத்து, கொஞ்ச நேரம் ஊறவெச்சு வடிகட்டிச் சேருங்க, இல்லைன்னா மாவோட ஈரத்தை அது இழுத்துக்கும். மேலே ஒட்டுற எள்ளை வறுக்க வேண்டாம், அவனே வறுத்துடும். இரட்டிப்பா பொங்கினதும் எட்டு உருண்டை பிடிச்சு, தலையை ஈரம் பண்ணி எள்ளுல ஒத்தி எடுங்க. இன்னும் அரைமணி பொங்கவிட்டு 200 டிகிரியில 25 நிமிஷம். ஒரே ரொட்டியா சுட்டா 40 நிமிஷம். நம்ம மே மாச வெக்கையில மாவு சீக்கிரம் பொங்கிடும், கடிகாரத்தை நம்பாம மாவைப் பாருங்க.

பெரியம்மாவுக்கு ஒண்ணு பிட்டுக் கொடுத்தேன். மென்னு பார்த்துட்டு, "எள்ளுருண்டை வாசனை வருதே"ன்னாங்க. அப்புறம் காய்ச்சலைப் பத்திக் கேட்கவே இல்லை.