வெடிச் சத்தமும் அண்டை வீடும்

தென்காசிக்கு மேற்கே குற்றால மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் எழும் எந்தச் சத்தத்தையும் அம்மலை தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றை இரண்டாக்கி ஊர்ப்பக்கம் திருப்பி விடுகிறது. இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தேன் இல்லை. 1980-களில் பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தபோது, மலையடியில் நடந்த ஒரு முகாமில் மாணவர்களுக்குப் பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளால் குறி பார்த்துச் சுடும் பயிற்சி அளிக்கப்பட்டது. இலக்குப் பலகைகளுக்குப் பின்னே மண்மேடு இருந்தது. இரு பக்கமும் சிவப்புக் கொடி கட்டியிருந்தோம். காவலுக்கும் ஆட்களை நிறுத்தியிருந்தோம். விதிகளின்படி ஒரு குறையும் இல்லை.

முதல் வரிசை மாணவர்கள் சுட்டு முடித்ததும், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருத்தி கையில் தொரட்டியோடு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏய்யா, இது என்ன வேட்டு?" என்றாள்.

"பயப்பட வேண்டாம் பாட்டி. கொடி கட்டியிருக்கிறோம். குண்டு அந்த மேட்டைத் தாண்டி வராது" என்றேன்.

"குண்டு வராதுன்னு எனக்குந் தெரியும்யா. சத்தம் வருதே. கொடி கட்டினது ஆட்டுக்குத் தெரியுமா? சினையாடு நாலு நிக்கி."

எனக்கு விடை தோன்றவில்லை. பாடம் நடத்துகிறவனுக்கு விடை தோன்றாத கேள்வி எளிதில் மறப்பதில்லை. துப்பாக்கி சுடுவோருக்கும் பக்கத்தில் குடியிருப்போருக்கும் இடையே எழுந்த வழக்குகள் எங்கே, எப்போது, எவ்வாறு தீர்ந்தன என்று அதன் பிறகு தேடிப் படிக்கலானேன். அவற்றுள் சிலவற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

முதலில் நம் சீமையின் செய்தி ஒன்று. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இந்தப் பாளையங்களில் துப்பாக்கியும் வல்லயமும் குடியானவன் வீட்டிலும் இருந்தன. காவல்காரன் தோளிலும் இருந்தன. 1801-ஆம் ஆண்டு பாளையக்காரர் போர் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதியன்று சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரரும் அவர்தம் ஆட்களும் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமச்சீட்டு இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்றது. ஆனால் அதனை ஒட்டிய விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. ஆகவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல், நம் நாட்டில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர் என்றால் பெரும்பாலும் ஆளுகிறவர் என்றே பொருள்பட்டது. அருகில் வாழ்கிறவன் முறையிட வேண்டுமானால், சுடுகிற அந்தக் கூட்டத்தாரிடமே போய் முறையிட வேண்டும். இதை மனத்தில் கொண்டால்தான் வேடந்தாங்கல் ஊரார் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

வேடந்தாங்கல் செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த சிற்றூர். தாங்கல் என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் சிற்றேரி. வேடரின் பெயரைத் தாங்கிய ஊரே பறவைகளின் காவல் ஊரானது, பெயருக்கும் நடப்புக்கும் உள்ள உறவைப் பற்றி மாணவருக்குச் சொல்ல எனக்கு நல்ல உதாரணமாக இருந்தது. ஏரி பெரிதன்று, முப்பது ஹெக்டேர் அளவே. நீரில் நிற்கும் மரங்களில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், பாம்புத்தாராவும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். கூடு கட்டும் காலத்தில் ஏரிக்கரையில் ஒரு துப்பாக்கி வெடித்தால் நிகழ்வது என்ன? குண்டு பட்டு விழுபவை சிலவே. ஆனால் மரம் முழுவதும் கலைந்து எழும். முட்டைகள் வெயிலில் கிடக்கும். காகமும் பருந்தும் அந்தச் சமயம் பார்த்து இறங்கும். பலமுறை இவ்வாறு நேர்ந்தால் பறவைகள் அந்த ஏரியையே கைவிட்டுவிடும். ஊரார் இதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் சென்று முறையிட்டார்கள். 1798-இல் அவரிடமிருந்து கவுல் ஒன்றையும் பெற்றார்கள். கவுல் என்பது சர்க்கார் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. அந்த ஏரியில் பறவைகளைச் சுடலாகாது என்னும் உரிமை அதனால் ஊருக்குக் கிடைத்தது.

கும்பினியின் கலெக்டர் கும்பினியின் சிப்பாய்களுக்கு எதிராக ஏன் எழுதிக் கொடுத்தார்? ஊரார் ஜீவகாருண்யத்தை மட்டும் பேசவில்லை. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. அந்நீர் பாயும் நிலத்தில் விளைச்சல் மிகுதி. விளைச்சல் மிகுந்தால் சர்க்காருக்கு வரியும் மிகுதி. பறவை போனால் உரம் போகும். உரம் போனால் தீர்வை குறையும். இது வரி தண்டும் அதிகாரியின் காதில் ஏறக்கூடிய மொழி. மேலும் பிளேஸ் துரை ஏரியின் மதிப்பை அறிந்தவர். மதுராந்தகம் பெரிய ஏரியின் கரை உடையாமல் இராமபிரான் காத்த கதையில் வரும் துரையும் இவரே. ஏரி காத்த ராமர் கோயிலில் இவர் பெயர் பொறித்த கல்வெட்டை இன்றும் காணலாம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஏரிக்கரையில் மழை இரவில் கவலையோடு நின்ற அதிகாரி என்று மக்கள் ஒருவரை நினைவில் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், அலுவலகக் குறிப்பைக் காட்டிலும் நல்ல சான்று.

ஊரார் அந்தச் சீட்டைப் பெற்றதோடு நிற்கவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1858-இல், அதைப் புதுப்பித்து வாங்கிக் கொண்டார்கள். கும்பினி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த ஆண்டு அது. 1936-இல் அவ்விடம் பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை என்று ஒரு முறையீட்டை மறவாமல் கைமாற்றிக் கொடுத்த அந்த உழவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கலெக்டர் பெயர் கிடைத்திருக்கிறது. வரலாற்று நூல்களில் இது வழக்கமான குறைதான்.

இனி, ஆண்டவர்களின் சொந்த நாட்டிலே இவ்வழக்கு எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1859-இல் இங்கிலாந்தில் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு லண்டனுக்கு அருகே விம்பிள்டன் பொதுவெளியில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா ராணியே ஒரு குண்டு சுட்டுத் தொடங்கி வைத்தார். ராணி தொடங்கிய களத்தை யார் அசைக்க முடியும்? ஆனால் லண்டன் நகரம் வளர்ந்து விம்பிள்டனைச் சூழ்ந்தது. துப்பாக்கிகளின் வலிமையும் வளர்ந்தது. அண்டை நிலத்தின் உரிமையாளர் ஒருவர், தம் குடிகளுக்கு ஆபத்து என்று ஆட்சேபித்தார். அவர் வேறு யாரும் அல்லர். பிரிட்டிஷ் சேனையின் தலைமைத் தளபதியாகிய கேம்பிரிட்ஜ் கோமகனேதான்! சங்கம் 1890-இல் பிஸ்லி என்னும் ஒதுக்கமான இடத்திற்குப் பெயர்ந்தது. சுடுவோருக்குத் தலைவரான ஒருவரே அண்டை வீட்டுக்காரராகவும் அமைந்தபோது வழக்கு விரைவாகத் தீர்ந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அங்கே மற்றொரு வழக்கு 1936-இல் நீதிமன்றம் ஏறியது. கென்ட் பகுதியில் வெள்ளி நரிகளை உரோமத்துக்காக வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தம் நிலத்தை வீட்டு மனைகளாக விற்க எண்ணினார். நரிப்பண்ணையின் பெயர்ப்பலகை அவருக்கு இடைஞ்சலாகத் தோன்றியது. பலகையை எடுக்க மறுத்தார்கள். உடனே அவர் தம் மகனை அனுப்பி, நரிகள் ஈனும் பருவத்தில், தம் எல்லைக்குள்ளேயே நின்று துப்பாக்கியை வெடிக்கச் செய்தார். பெண் நரிகள் மிகவும் அச்சமுள்ளவை. வெடிச் சத்தம் கேட்டால் குட்டிகளைக் கொன்று விடுவதும் உண்டு. "என் நிலத்தில் நான் சுட்டேன், உனக்கென்ன?" என்பதே அவருடைய வாதம். நீதிபதி மக்னாட்டன் அதை ஏற்கவில்லை. சுடுவதைத் தடுத்து ஆணையிட்டார். அவ்வழக்கைப் படித்தபோது எனக்கு அந்த மூதாட்டியின் சினையாடுகள்தாம் நினைவுக்கு வந்தன. குண்டு எல்லையைத் தாண்டவில்லை. சத்தம் தாண்டியது. அதுவும் தீங்கே என்று தீர்ப்பாயிற்று. அதே 1936-இல்தான் வேடந்தாங்கலும் புகலிடமாக ஏற்கப்பட்டது என்பது தற்செயல்.

இதுகாறும் சத்தத்தைப் பற்றியே பேசினேன். குண்டைப் பற்றிப் பேச மனம் கூசுகிறது. ஆயினும் பேசாதிருக்க முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை என்னும் ஊர் வரலாற்று ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த விசயாலய சோழீச்சுரம் அந்தக் குன்றின்மேல் நிற்கிறது. அருகில் பசுமலைப்பட்டியில் காவல் துறையின் துப்பாக்கி சுடும் களம் ஒன்று இருந்தது. பாறைக்குன்று பின்னணியாக இருந்தால் குண்டு அதில் பட்டு நின்றுவிடும் என்பது இத்தகைய களங்களை அமைக்கும்போது கொள்ளும் எண்ணம். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அங்கே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். களத்திலிருந்து தொலைவில், தன் தாத்தா வீட்டில் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு ஒன்று பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்தான்.

ஊரார் சாலையில் திரண்டார்கள். களத்தை அடியோடு மூட வேண்டும் என்றார்கள். பயிற்சி நிறுத்தப்பட்டது, அரசு குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் அறிவித்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். பதினொரு வயது என்றால் எந்தப் பெஞ்சில், எந்த உயரத்தில் உட்கார்ந்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இயலவில்லை.

ஒரு செய்தியை மட்டும் ஆசிரியன் என்ற முறையில் விளக்க வேண்டும். மாணவர் பயிற்சிக்குரிய சிறு ரைபிளின் குண்டே, தடை ஏதும் இல்லாவிடில், ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லக்கூடும். படையினரின் ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல வல்லது. கல்லில் சாய்வாகப் பட்ட குண்டு நிற்பதில்லை. தெறித்துத் திசை மாறும். எனவே களத்தின் எல்லை வேலியில் முடிவதாகக் கொள்வது கணக்கில் பிழை. முகாமில் அந்தக் கிழவியிடம் "குண்டு மேட்டைத் தாண்டி வராது" என்று நான் சொன்னபோது எனக்கு இருந்த உறுதி, இன்று எண்ணிப் பார்த்தால், எனக்கே நடுக்கத்தைத் தருகிறது. அன்று ஒன்றும் நேரவில்லை. அவ்வளவே.

துப்பாக்கிப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் அமைந்த பிறகு இவ்விளையாட்டு நம்மவரின் விளையாட்டாயிற்று; 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றபோது நானும் வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களோடு கைதட்டினேன். அவர் சுட்டது காற்றுத் துப்பாக்கி; நான்கு சுவருக்குள் அடங்குவது. சுவிட்சர்லாந்தில் படைக்கடமை உள்ளவர்கள் ஆண்டுதோறும் சுட்டுக்காட்ட வேண்டும் என்னும் கட்டாயம் உண்டு. ஊர்தோறும் களமும் உண்டு. அங்கேகூட 1986-ஆம் ஆண்டின் ஒலிக்காப்பு விதிகள், சுடும் களங்களின் சத்தத்துக்கென்றே தனி அளவு வகுத்தன. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரையறுக்கின்றன. சட்டம் இருக்கிறது. அண்டையில் இருப்பவர்களைக் கேட்கும் பழக்கந்தான் இன்னும் வரவில்லை.

அம்மூதாட்டியின் கதையை முடிக்காமல் விட்டேன். முகாம் அதிகாரியிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார், "உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா?" என்றார். அவள் பணம் கேட்பாள் என்று நாங்கள் இருவரும் எண்ணினோம்.

"முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்டை ஓடைக்கு அந்தப் பக்கமாப் பத்தியிருப்பேன். எத்தனை நாளைக்குச் சுடுவீய? அதைச் சொல்லுங்க போதும்" என்றாள்.

மூன்று நாள் என்று சொன்னோம். விரலை மடக்கி எண்ணிக்கொண்டு போனாள். நான்காம் நாள் காலையில் நாங்கள் கூடாரம் பிரித்துக்கொண்டிருக்கையில் ஆடுகள் திரும்பி வந்தன. சினையாடுகள் நான்கும் இருந்தனவா என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லா ஆடுகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவளைக் கேட்டேன். இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, ஆடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டிச் சென்றாள்.