தேஜஸ் உற்பத்தியும் வழங்கல் சங்கிலியும்: கார் தொழிலின் பாடம் எவ்வளவு பொருந்தும்?

விமான உற்பத்தியின் வேகம் என்பது கடைசியாக வந்து சேரும் பாகத்தின் வேகமே. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பொறியியல் தொழில் இந்த விதியை இனி எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர் வட்டார உதிரிபாக நிறுவனங்கள் ஒரு முறையில் தேர்ந்தன: கையிருப்பைக் குறைத்து, உரிய பாகத்தை உரிய நேரத்தில் அசெம்பிளி வரிசையில் சேர்ப்பது. 2019-இல் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. அதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ வானூர்திப் பூங்காவை உருவாக்கிவருகிறது. கார் தொழிலின் முறை விமானத் தொழிலுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஒருங்கிணைப்பு ஆர்டர் கொடுக்கும் கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு தொழில்களும் மூன்று வகையில் வேறுபடுகின்றன. முதலாவது எண்ணிக்கை. பெரிய கார் ஆலை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தயாரிக்கிறது. போர் விமான ஆலையின் கணக்கு பெரும்பாலும் சில பத்துகளைத் தாண்டுவதில்லை. அவ்வளவு குறைந்த தேவைக்கு ஒரே பாகத்தை இரண்டு நிறுவனங்களிடம் செய்விப்பது பல சமயம் கட்டுப்படியாகாது. இரண்டாவது சான்றளிப்பு. பாகம் எந்த உலோகத் தொகுதியிலிருந்து வந்தது, எந்த உலையில் பதப்படுத்தப்பட்டது என்பது வரை ஆவணம் வேண்டும். இராணுவ விமானத்துக்கு, பறக்கும் தகுதியைச் சான்றளிக்கும் செமிலாக், தரத்தை உறுதிசெய்யும் டிஜிஏக்யூஏ ஆகிய அரசு அமைப்புகளின் ஒப்புதலும் தேவை. தயாரிப்பாளரை மாற்றினால் சோதனைகளில் பலவற்றை மறுபடி நடத்த வேண்டிவரும். மூன்றாவது மூலப்பொருள். இந்தியாவின் இலகு ரகப் போர் விமானமான தேஜஸின் உடற்கட்டமைப்பில் எடை அளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கலவை. ரெசின் ஊறிய இழைத் துணி உறைகுளிரில் வைக்கப்படுகிறது. வெளியே எடுத்த மணிநேரமும் கணக்கில் ஏறுகிறது. கெடு தாண்டினால் பயன்படாது. எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் குவிப்பதும் தீர்வாகாது.

ஒருங்கிணைப்பு ஆர்டர் கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு, தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க் 1ஏ தெளிவான சான்று. 83 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2021 பிப்ரவரியில் அதைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லுடன் கையெழுத்தானது. வேலை பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது: இறக்கைகள் கோயம்புத்தூரில் எல் அண்ட் டி, நடு உடற்பகுதி ஹைதராபாத்தில் விஇஎம் டெக்னாலஜீஸ், பின் உடற்பகுதி பெங்களூருவில் ஆல்ஃபா டோகோல். இறக்கைகளின் முதல் தொகுதி 2025-இல் ஒப்படைக்கப்பட்டது. பெங்களூருவின் இரு வரிசைகளுடன் நாசிக்கில் மூன்றாவது வரிசை 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.

ஆனால் விமானங்கள் குறித்த நேரத்தில் வரவில்லை; அந்தத் தாமதத்தின் முக்கியக் காரணம் இந்த வரிசைகளுக்கு வெளியே இருந்தது. தேஜஸுக்கான எஃப்404-ஐஎன்20 இன்ஜின்கள் 65-ஐக் கொடுத்து முடித்தபின், புதிய ஆர்டர் இல்லாததால் அமெரிக்க நிறுவனமான ஜிஇ 2016-இல் அந்த உற்பத்தி வரிசையை மூடியிருந்தது. 99 இன்ஜின்களுக்கான ஆர்டர் 2021 ஆகஸ்டில்தான் வந்தது. ஐந்தாண்டு ஓய்ந்திருந்த வரிசையையும் அதன் உலகளாவிய சப்ளையர்களையும் மீண்டும் இயக்கி, முதல் இன்ஜினை 2025 மார்ச்சில் ஜிஇ ஒப்படைத்தது. முதல் விமானத்தை ஒப்படைக்க வேண்டிய 2024 மார்ச் கெடு அதற்குள் ஓராண்டு கடந்திருந்தது. ஆயுதச் சோதனைகளும் மென்பொருள் சான்றளிப்பும் காலம் எடுத்தன என்பது உண்மையே. எனினும், வரிசைகளைக் கூட்டுவதால் இன்ஜின் பற்றாக்குறை தீராது; இன்ஜினுக்குக் காத்திருக்கும் விமானங்களே பெருகும்.

பொருளாதார வலிமை மட்டும் இச்சிக்கலைத் தவிர்க்காது. போயிங் 787 விமானம் 2007 ஜூலையில் முதன்முறை காட்சிப்படுத்தப்பட்டபோது, இணைப்பு ஆணிகளின் பற்றாக்குறையால் பல இடங்களில் தற்காலிக ஆணிகள் இருந்தன. முதல் ஒப்படைப்பு மூன்றாண்டுகளுக்கும் மேல் தாமதமாகி 2011 செப்டம்பரில் நிகழ்ந்தது.

இவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. நெடுங்காலம் பிடிக்கும் பாகங்களுக்கு, விமான ஒப்பந்தத்துக்கு முன்போ உடனடியாகவோ ஆர்டர் தர வேண்டும். மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 2025 செப்டம்பரில் ஒப்பந்தமானதும், 113 இன்ஜின்களுக்கான ஆர்டர் நவம்பரிலேயே தரப்பட்டது. 2021-இல் ஆறு மாதமாக இருந்த இடைவெளி ஒன்றரை மாதமாகச் சுருங்கியது. அடுத்து, கையிருப்பை எல்லாப் பாகங்களிலும் குறைக்காமல், ஒரே இடத்திலிருந்து வருபவற்றிலும் கெடாதவற்றிலும் கூட்டி வைக்க வேண்டும். இறுதியாக, ஆர்டர்கள் இடைவெளியின்றித் தொடர வேண்டும். வல்லம் வடகாலில் இயந்திரம் நிறுவும் சிறு நிறுவனத்துக்கு நிலமும் மானியமும் தொடக்கத்துக்கு உதவும்; சான்று பெற்ற ஆட்களையும் கருவிகளையும் தக்கவைக்க அடுத்தடுத்த ஆண்டுகளின் ஆர்டர் உறுதிதான் உதவும்.