ஜாடிக்குள் டின்டின்

2021 ஜனவரி. பாரீஸில் ஓர் ஏலம். விலைக்கு வந்தது ஒரு முழம்கூட இல்லாத காகிதம். மடித்து வைத்த தடம் வேறு அப்பட்டமாகத் தெரிகிறது. கமிஷனும் சேர்த்து ஏறக்குறைய 32 லட்சம் யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 28 கோடி ரூபாய்!

அதில் இருந்தது, 'நீலத் தாமரை' என்ற டின்டின் புத்தகத்துக்காக 1936-ல் எர்ஜே வரைந்த அட்டைப்படம். பெரிய பீங்கான் ஜாடிக்குள்ளிருந்து டின்டினும் நாய் ஸ்நோயியும் தலையை மட்டும் நீட்டுகிறார்கள். கறுப்புப் பின்னணியில் ரத்தச் சிவப்பாக ஒரு டிராகன்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படம் அப்போது அச்சேறவே இல்லை. பதிப்பகம் காஸ்டர்மன். இத்தனை வண்ணங்களை அச்சடித்தால் செலவு கட்டுப்படியாகாது என்று திருப்பிவிட்டார்கள். எர்ஜே மறுபடி வரைந்தார். டிராகன் கறுப்பானது, பின்னணி சிவப்பானது. உலகம் பார்த்தது இந்தச் சிக்கன அட்டையைத்தான்.

நிராகரித்த படத்தைப் பதிப்பாளரின் ஏழு வயது மகனுக்கு எர்ஜே பரிசாகக் கொடுத்தார், பையன் அதை மடித்து டிராயரில் போட்டுவிட்டான் என்பது ஏலத்தில் சொன்ன கதை. பரிசென்றால் கையெழுத்து எங்கே, தபாலில் அனுப்பத்தானே மடித்தார்கள் என்று சில டின்டின் நிபுணர்கள் மல்லுக்கு நின்றார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். படத்துக்கு வருவோம்.

கோடிகளை ஓரங்கட்டிவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் கண் நேராக டிராகனிடம்தான் போகிறது. டின்டின் அப்புறம்தான். அச்சான அட்டையில் டிராகன் சுவர்ச் சித்திரம்போலப் பின்வாங்கிவிட, ஜாடியும் இரண்டு முகங்களும் முன்னால் வருகின்றன. என்னைக் கேட்டால், கணக்குப் பார்த்தவர் அட்டையைக் கெடுக்கவில்லை. (காமர்ஸ் படித்தவன் வேறென்ன சொல்வான் என்கிறீர்களா? அதுவும் சரி.)

ஆனால் இரண்டிலும் ஒரு முரண் இருக்கிறது. 1934-ல் பிரஸ்ஸல்ஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த சாங் சோங்ரென் என்ற சீன இளைஞரை எர்ஜே சந்தித்தார். சீனா என்றால் சடையும் சதிகாரனும் என்ற ஐரோப்பிய நினைப்பை உடைத்தவர் அவர்தான். கதையில் வரும் ஷாங்காய்த் தெருக்களின் சீன எழுத்துகளில் நிறைய சாங்கின் கைவண்ணம். அதில் ஒன்று, ஜப்பான் சரக்கைப் புறக்கணியுங்கள் என்கிறது! பெல்ஜியத்திலிருந்த ஜப்பானியத் தூதர்கள் கொதித்துப் போனார்கள். ஐரோப்பியர்கள் சீனர்களைப் பற்றி எப்படியெல்லாம் உளறுகிறார்கள் என்று டின்டினே கதையில் ஒரு சீனச் சிறுவனிடம் சொல்லிச் சிரிக்கிறான். அந்தப் பையன் பெயரும் சாங்தான்.

உள்ளே இத்தனை புரட்சி. வெளியே? டிராகன், ஜாடி, காகித விளக்கு. எந்தச் சரக்கை உள்ளே கிண்டலடித்தாரோ, அதையே வாசலில் தொங்கவிட்டு வியாபாரம்! சீனர்களுக்கு டிராகன் மழை தரும், மங்கலம் தரும். அட்டையிலோ அது பூச்சாண்டி.

புத்தகம் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். டிராகனை உள்ளங்கையால் மறைத்துவிட்டு ஜாடியை மட்டும் பாருங்கள். 1932-ல் 'அமெரிக்காவில் டின்டின்' அட்டையில் முதுகுக்குப் பின்னால் ஆபத்து நிற்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அதே பையன், இங்கே அடுத்தவர் ஊரில், ஒரு நாயோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறான்.