டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டு முறையில் கொசு இனங்காணல்

டி.என்.ஏ. பட்டைக்குறியீடு என்பது, ஓர் உயிரினத்தின் மரபுப்பொருளில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியின் வரிசையைப் படித்து, வகைப்பாட்டறிஞர்கள் முன்னரே பெயர் உறுதிசெய்த மாதிரிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டு, அதன் சிற்றினத்தை அறியும் முறையாகும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003இல் இதை முன்மொழிந்தனர். விலங்குகளில் இதற்குப் பயன்படுவது, உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் இழைமணிகளிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முதல் துணையலகு மரபணுவின் ஏறத்தாழ 650 கார இணைகள் நீளமுள்ள பகுதியாகும். ஒரே சிற்றினத்துக்குள் சிறிதளவே மாறுபடும் இப்பகுதி, சிற்றினங்களுக்கிடையே பெரும்பாலும் தெளிவாக வேறுபடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலங்களுக்கிடையே ஏரிகளும், கொள்ளிடத்தையொட்டிய நெல்வயல்களும், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் தேங்கும் நீரும் இருப்பதால், பலவகைக் கொசுக்களுக்கு ஏற்ற வாழிடங்கள் அமைந்துள்ளன. பொதுவாக நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ், கியூலெக்ஸ் விஷ்ணுயி, கியூலெக்ஸ் சூடோவிஷ்ணுயி ஆகிய மூன்றும், பன்றிகளிடமிருந்தும் கொக்கு இனப் பறவைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசை மனிதருக்குக் கடத்தக்கூடியவை. மூன்றின் உறிஞ்சுகுழலிலும் வெளிறிய வளையம் இருப்பதாலும், அவற்றைப் பிரித்தறிய உதவும் நுண்செதில்கள் பொறியில் சிக்கும்போது உதிர்ந்துவிடுவதாலும், உருப்பெருக்கியால் மட்டும் இனங்காண்பது கடினமாகிறது.

இந்நிலையில், கொசுவின் ஒரு காலை மட்டும் எடுத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பாலிமரேஸ் தொடர்வினை மூலம் மரபணுப் பகுதியைப் பன்மடங்காக்கி, அதன் வரிசையைப் படிக்கின்றனர். எஞ்சிய உடல் ஊசியில் குத்தப்பட்டுச் சான்று மாதிரியாகப் பாதுகாக்கப்படுகிறது. செதில் உருவாகாத புழுப் பருவத்துக்கும் இம்முறை பொருந்தும்.

புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் 15 பேரினங்களைச் சேர்ந்த 63 இந்தியக் கொசுச் சிற்றினங்களை இவ்வாறு ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவில், ஆக்லெரோடேட்டஸ் போர்ட்டோநோவோயென்சிஸ், ஆக்லெரோடேட்டஸ் வார்டி என்னும் நெருங்கிய இணை மட்டுமே பிரிபடவில்லை. இலங்கையின் மன்னாரில் புதிதாகக் கண்டறியப்பட்டு 2017இல் அறிவிக்கப்பட்ட, நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சியை உறுதிப்படுத்தவும் இம்மரபணு வரிசை உதவியது.

அண்மையில் கிளைத்த இனங்களிலும், கலப்பு நிகழ்ந்த இனங்களிலும் ஒரே மரபணு போதாமற்போவதால், உட்கரு மரபணுக்களும் உடன் ஆராயப்படுகின்றன. ஒப்பீட்டுத் தொகுப்பில் பெயர் தவறியிருந்தால் முடிவும் தவறும் என்பதால், உருவ அமைப்பைக் கொண்டு இனங்காணும் வகைப்பாட்டியல் பயிற்சி இம்முறைக்கு இன்றியமையாத அடிப்படையாகவே நீடிக்கிறது.