சுற்றை எண்ணத் தெரிஞ்ச லேத்

குறிகாட்டுவான் இறங்குதுறையில நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிண்ட ஆக்கள் எங்களில கனபேர். தண்ணிக்குக் கீழ இருக்கிற இரும்புத் தண்டைப் பற்றி யோசிச்சிருக்கிறமா? இஞ்சினையும் விசிறியையும் இணைக்கிறது அதுதான். அதின்ர நுனியில மரை வெட்டி, நட் போட்டுத்தான் விசிறியை இறுக்குவினம். அந்த மரை தேய்ஞ்சால் படகு நிக்கும். தீவில இருக்கிற நோயாளியும் மாணவரும் நிப்பினம்.

மரை வெட்டுறதுக்கு ஒரு விதி இருக்கு. தண்டு ஒருக்கா சுத்தும்போது உளி ஒரு மரை இடைவெளி நகர வேணும். 2 மில்லிமீற்றர் மரையெண்டால், ஒரு சுற்றுக்குச் சரியாக 2 மில்லிமீற்றர். முழு ஆழமும் ஒரே ஓட்டத்தில வராது. திரும்பத் திரும்ப ஓட்ட வேணும். ஒவ்வொரு முறையும் உளி அதே பள்ளத்தில விழ வேணும்.

1800 அளவில் லண்டனில ஹென்றி மோட்ஸ்லி, சுழல்தண்டையும் உளியை நகர்த்துற நீண்ட திருகையும் பற்சில்லுகளால பூட்டி இதைத் திறம்படச் செய்தார். 1841இல் ஜோசப் விட்வர்த் 55 பாகை மரையை ஒரு பொது அளவாக முன்வைத்தார். பிரித்தானிய இயந்திரங்களோட அந்த மரை இலங்கைக்கும் வந்தது.

என்ர மாமா பழைய லேத்தில வேலை செய்தவர். அதில இலக்கம் போட்ட சின்ன வட்டமொண்டு சுத்திக்கொண்டிருக்கும். "அதே இலக்கம் வருமட்டும் நெம்புகோலில கை வைக்கப்படாது" எண்டுவார்.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி., இலக்கங்களால் இயங்கும் இயந்திரத்தைச் செய்து காட்டியது. பிறகு லேத்துக்கும் கணனி வந்தது. அங்கதான் சிக்கல். பற்சில்லுத் தொடர்பு போய்விட்டது. சுழல்தண்டுக்கு ஒரு மோட்டோர், உளிக்கு இன்னொரு மோட்டோர். தண்டு இப்ப எந்தக் கோணத்தில நிக்குதெண்டு கணனிக்குத் தெரியாது.

அதுக்குத்தான் என்கோடர். 1024 கோடுகள் உள்ள தட்டொண்டு, இரண்டு சைகைகளின்ர ஏற்ற இறக்கத்தை எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை. அதோட சுற்றுக்கு ஒருக்கா மட்டும் வாற தனிச் சைகை. உளி அந்தச் சைகைக்காகக் காத்து நிண்டு புறப்படும். மாமா பாத்த அதே இலக்கம்தான் அது. வெட்டும்போது தண்டு வேகம் குறைஞ்சால், எண்ணிக்கையைப் பின்தொடருற உளியும் மெதுவாகும்.

பழைய லேத்துக்குப் புதுக் கணனி பூட்டுற ஆக்கள் ஒண்டைக் கவனிக்க வேணும். என்கோடரை மோட்டோரில மாட்டினால், இடையில இருக்கிற வி-பெல்ற் வழுக்கும், கணக்குப் பிழைக்கும். பல்லுப் பெல்ற்றால சுழல்தண்டோடயே ஒண்டுக்கு ஒண்டாகப் பூட்ட வேணும். கணனிப் பக்கத்துக்கு, 1990களில் அமெரிக்க அரச ஆய்வுகூடத்தில் தொடங்கின வேலையிலிருந்து வளர்ந்த லினக்ஸ்-சிஎன்சி இலவசமாகக் கிடைக்குது.

எங்கட கதையும் இதில இருக்கு. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நிண்டது. பொருளாதாரத் தடைக்குள்ள சனம் சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடினது. தீவுகளில இருந்து இடம்பெயர்ந்த ஆக்களோட எத்தனையோ கைவேலையும் போச்சு.

அறிவியல்நகரில் இப்ப பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சியளே, பழைய லேத்தை இரும்புக்கு விக்கமுதல் அதின்ர படுக்கையைத் தடவிப் பாருங்கோ. தேயாமல் இருந்தால் அது இன்னும் உழைக்கும். அதை ஓட்டின மாமா ஆரும் இருந்தால், முதல்ல அவரிட்டப் போய்க் கேளுங்கோ.