ஒரகடத்தில் ஆயுத பூஜையும் ஏரி வாரியமும்

"நீ ஒரகடத்திலதானே இருக்கே, அந்தப் பக்கத்துச் சரித்திரம் ஏதாவது எழுதிக் கொடேன்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நம்மில் பலருக்கு இந்த வட்டாரத்தின் சரித்திரமே 1996ல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஹூண்டாய் வந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியும் விட்டார்கள். 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு.

இத்தனை நவீனத்துக்கு நடுவே ஆயுத பூஜைக்கு எங்கள் பிளாண்டுக்கு வந்து பாருங்கள். முதல் நாள் செகண்ட் ஷிஃப்டிலேயே லைனைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவார்கள். வெல்டிங் ரோபோவின் கைக்கு மாலை, கண்ட்ரோல் பேனலுக்குச் சந்தனம் குங்குமம், ஃபோர்க்லிஃப்ட் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், கேட்டில் பூசணிக்காய். ஸ்மோக் டிடெக்டர் அலறும் என்பதால் சாம்பிராணி மட்டும் வெளியே. சென்சார் மேல் யாரும் பொட்டு வைத்துவிடக் கூடாதே என்று மெயின்டனன்ஸ்காரர் கூடவே நடந்துகொண்டிருப்பார். வெளிநாட்டு அதிகாரிகளும் பொரி சுண்டல் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. ஏர் கலப்பைக்குப் பொட்டு வைத்த கை ரோபோவுக்கும் வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாப் பழக்கமும் இப்படி கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. வராமல் போனவற்றில் பெரியது ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

2019ல் மாவட்டம் பிரியுமுன் காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டும் சேர்ந்து பொதுப்பணித் துறை ஏரிகள் மட்டுமே 909. ஒரு ஏரியின் உபரிதான் அடுத்த ஏரியின் வரத்து. ஸ்ரீபெரும்புதூரும் பிள்ளைப்பாக்கமும் நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். இதைக் கவனிக்க ஆள் வைத்திருந்தார்கள் என்பதற்கு, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள உத்திரமேரூரில் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு 6 பேர், குடவோலை முறையில் தேர்வு, பதவிக் காலம் 360 நாள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் (நம் பேட்ச் ஆட்களில் சிலர் இன்னும் காத்திருக்கணும்!). ஏற்கெனவே பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

இதைப் பொற்காலம் என்று தூக்கி வைத்துக் கொண்டாட எனக்கு மனமில்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. மண் சுமந்தவர் பெயர் குடத்துக்குள் போனதில்லை. ஊரார் தாமாகவே வந்து குடிமராமத்து செய்தார்கள் என்பதும் பாதி உண்மைதான். வராதவர்களை வரவைக்க 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆனாலும் ஏரிக்கென்று ஓர் ஆள் இருந்தார். நீர்க்கட்டி என்பார்கள். மதகைத் திறந்து மூடுவது, முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவது, மழைக்காலத்தில் கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர் வேலை. கூலி, அறுவடையில் நெல். எங்கள் ஷாப்பில் ஒவ்வொரு மெஷின் மேலும் பொறுப்பாளரின் பெயரும் போட்டோவும் ஒட்டியிருக்கும். ஜப்பானிய முறை என்று டிரெய்னிங்கில் சொல்வார்கள். ஏரிக்கு அது பழைய முறை.

தண்ணீர் அருமையான ஊர்களில் எல்லாம் இப்படி ஓர் ஆள் இருப்பார் போலும். சகாரா பாலைவனத்தில், அல்ஜீரியாவின் துவாத், திதிகெல்த் பகுதிகளில் ஃபொக்காரா என்ற நிலத்தடி வாய்க்கால்கள் உண்டு. அந்தத் தண்ணீரைத் துளையிட்ட தகட்டால் அளந்து பங்கு பிரிப்பவர்களின் வேலையை, அவசரமாகக் காக்க வேண்டிய மரபு என்று 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நம்ம நீர்க்கட்டியோ சத்தமில்லாமல் காணாமல் போகிறார். வயலெல்லாம் பிளாட்டாகவும் ஷெட்டாகவும் ஆன பிறகு மதகைத் திறக்க அவர் எதற்கு என்று கேட்கலாம்.

வயல் போனதே தவிர மழை போகவில்லையே. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கத்துக் கார் ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. மாலை போட்ட ரோபோக்கள் சும்மா நின்றன.

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. தொடக்க விழா நடந்த இடம் பக்கத்து மணிமங்கலம் ஏரி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த அதே மணிமங்கலம்! நல்ல காரியம்தான். தூர் வார காண்ட்ராக்ட் விடலாம். ராத்திரி மழையில் டார்ச் லைட்டோடு கரையைப் பார்க்க ஓடுவதற்கு எப்படிக் காண்ட்ராக்ட் விடுவது?

நீர்வளத் துறையில் இருக்கும் நம் சிவில் பிரிவு நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரகடம் சுற்றுவட்டார ஏரிகளின் வரத்துக் கால்வாய் வரைபடம் இருந்தால் ஒரு பிரதி கொடுங்கள். எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. அது எந்தக் கால்வாய் என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால் தேவலை.